இறால் குட்டைக்கு 1 லிட்டர் பேஜ் போதுமா?

கேள்வி: வன்னமெய் இறால் குஞ்சு விட்டு 55 நாள் ஆகிறது. 1 ஏக்கர் குட்டை, 4 அடி தண்ணீர். லேப்பில் விப்ரியோ பாக்டீரியாவின் பச்சைக் காலனி கூடியிருப்பதாகச் சொன்னார்கள். விப்ரியோவைத் தின்னும் பேஜ் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்) என்று 1 லிட்டர் பாட்டில் வாங்கினேன்; லேபிளில் மில்லிக்கு 100 கோடி என்று இருக்கிறது. இதுவும் வைரஸ்தானாமே, வெள்ளைப்புள்ளி நோய் வைரஸ் மாதிரி இறாலைத் தாக்காதா? அயோடின் விட்ட அன்றே ஊற்றலாமா?

பதில்: இறாலைத் தாக்காது. காரணம் அதன் உடலமைப்பிலேயே இருக்கிறது. விப்ரியோவைத் தாக்கும் கேவிபி40 என்ற பேஜை எடுத்துக்கொள்ளுங்கள். புரத ஓட்டால் ஆன தலை, நீளம் 140 நானோமீட்டர். 1 மில்லிமீட்டருக்குள் ஏறக்குறைய 7,000 தலைகளை வரிசையாக வைக்கலாம். தலைக்குள் டிஎன்ஏ சுருட்டித் திணிக்கப்பட்டிருக்கும். கீழே சுருங்கக்கூடிய உறை போர்த்திய வால், அதன் நுனியில் நார்கள். விப்ரியோவின் வெளிச்சவ்வில் உள்ள ஓம்ப்கே என்ற புரதம் கிடைத்தால்தான் இந்தப் பேஜ் ஒட்டும். ஒட்டியதும் உறை சுருங்கி, உள்குழல் சுவரைத் துளைக்க, டிஎன்ஏ உள்ளே இறங்கும். இறால் செல்லில் அதற்குப் பிடிமானம் இல்லை. அதே காரணத்தால் பேஜ் வெள்ளைப்புள்ளி வைரஸையும் இஎச்பி என்ற நுண்ணிய ஒட்டுண்ணியையும் தொடாது. அவை பாக்டீரியாவே அல்ல. குட்டையில் விடும் நல்ல பாக்டீரியாவான பேசில்லஸ் புரோபயாட்டிக்குக்கும் இதனால் கெடுதல் இல்லை.

இப்போது அளவு. பேஜுக்கு நீந்தும் உறுப்பு கிடையாது. தண்ணீரில் மிதந்து தற்செயலாக மோதினால்தான் உண்டு. உங்கள் குட்டையில் ஏறக்குறைய 49 லட்சம் லிட்டர் தண்ணீர். பாட்டில் முழுவதையும் ஊற்றினாலும் மில்லிக்கு சுமார் 200 பேஜ்தான் வரும். அந்த அடர்த்தியில் ஒரு விப்ரியோ மீது ஒரு பேஜ் மோத ஆண்டுக்கணக்கில் ஆகும். அதே பாட்டிலைக் குஞ்சுப் பொரிப்பகத்தின் 1 டன் (1,000 லிட்டர்) தொட்டியில் விட்டால் மில்லிக்கு 10 லட்சம். அங்கே மணிக்கணக்கில் மோதும். ஆகவே குட்டைத் தண்ணீரில் ஊற்றுவது பணத்தை ஊற்றுவதுதான். வாங்கிவிட்டீர்கள் என்பதால், மாலை வேளைத் தீவனத்தில் பைண்டரோடு (தீவனத்தில் ஒட்டவைக்கும் பசை) பூசி, அரை மணி நேரம் நிழலில் வைத்துப் போடுங்கள். குடலில் விப்ரியோ நெருக்கமாக இருக்கும், அங்கே பேஜுக்கு வேலை உண்டு. வெயிலில் உலர்த்தினால் புற ஊதாக் கதிர் தலைக்குள் இருக்கும் டிஎன்ஏவைக் கெடுத்துவிடும்.

அயோடினும் ப்ளீச்சிங் பவுடரும் புரத ஓட்டையும் வாலையும் சிதைத்துவிடும். வால் போன பேஜால் ஒட்ட முடியாது. 2, 3 நாள் இடைவெளி விடுங்கள். பாட்டிலை 4 டிகிரியில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம்.

ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால், உங்கள் குட்டையின் பச்சைக் காலனி மீது இந்தப் பேஜ் ஒட்டுகிறதா என்று பாருங்கள். லேப்பில் அந்தக் காலனியை வளர்த்து, தட்டு முழுக்கப் பரப்பி, பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு வைக்கச் சொல்லுங்கள். மறுநாள் சொட்டு வைத்த இடம் தெளிந்திருக்க வேண்டும். தெளியாவிட்டால் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தெளிந்த இடத்துக்குள் பிறகு சிறு காலனிகள் முளைத்தால், அவை ஒட்டும் புரதத்தை மாற்றிக்கொண்டவையாக இருக்கலாம். அப்போது பல பேஜ் கலந்த தயாரிப்பு தேவை.

விற்பவரிடம் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: பாக்டீரியாவைக் கொல்லாமல் அதற்குள்ளேயே குடியிருக்கும் வகைப் பேஜ் இதில் இல்லை என்று மரபணு சோதித்த அறிக்கை இருக்கிறதா? ஆஸ்திரேலியாவில் விப்ரியோ ஹார்வேயியில் கண்ட விஎச்எம்எல் என்ற பேஜ் அப்படிப்பட்டதுதான். அது குடியேறிய பாக்டீரியா இறால் குஞ்சுகளுக்கு இன்னும் கொடியதானது. அறிக்கை இல்லாத பாட்டிலை நான் குட்டைக்குள் அனுமதிக்கமாட்டேன்.