கை ஊன்றாமல் எழுவது

அன்புள்ள அக்கா,

எனக்கு 47 வயது. தஞ்சாவூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். உயரம் 155 செ.மீ. கல்யாணத்தின்போது 52 கிலோ, இப்போது 76. போன மாதம் எடுத்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும் ரத்தப் பரிசோதனை) 6.2. "வெயிட்டைக் குறைங்கம்மா, இல்லன்னா சர்க்கரை வந்துரும்" என்றார் டாக்டர். எப்படி என்று கேட்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். என் அம்மாவுக்குச் சர்க்கரையால் கால் விரல் போனது. அந்தப் பயம் எனக்குள் எப்போதும் இருக்கிறது.

மூன்று வருடம் முன்பு, அரிசியையும் தானியங்களையும் விட்டுவிடும் பேலியோ டயட் இருந்தேன். மூன்று மாதத்தில் 9 கிலோ இறங்கியது, முடியும் கொத்துக் கொத்தாய்க் கொட்டியது. வீட்டில் எல்லோருக்கும் இட்லி அவித்துவிட்டு நான் மட்டும் வேறு சாப்பிடுவது எத்தனை நாள் முடியும்? விட்டேன். ஒரே வருடத்தில் 11 கிலோ ஏறிவிட்டது. ஜிம்மில் சேர்ந்து பத்து நாள்கூடப் போகவில்லை, வெட்கமாக இருந்தது. கணவர் "வாயைக் கட்டு, எல்லாம் சரியாகும்" என்கிறார். எனக்கோ மிச்சமாகும் இட்லியைத் தூக்கிப்போடக்கூட மனம் வராது. நாற்பதைத் தாண்டினால் மெட்டபாலிசம் (உடம்பு சக்தியைச் செலவிடும் வேகம்) படுத்துவிடும், இனி இறங்காது என்கிறார்கள் கூட வேலை பார்ப்பவர்கள். உண்மையா அக்கா? உங்கள் கட்டுரை ஒன்றில் ஐம்பது வயதுக்கு மேல் உடம்பைச் சரிசெய்துகொண்டதாக ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதை விரிவாகச் சொல்ல முடியுமா? பெயரைப் போட வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மெட்டபாலிசம் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது உங்கள் நம்பிக்கையை அரித்துக்கொண்டிருக்கிறது. 2021-இல் 29 நாடுகளைச் சேர்ந்த 6,400-க்கும் மேற்பட்டவர்களின் உடல் எவ்வளவு சக்தியைச் செலவிடுகிறது என்று அளந்த ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. உடம்பின் அளவையும் தசையின் அளவையும் கணக்கில் எடுத்துப் பார்த்தால், 20 வயது முதல் 60 வயது வரை அந்தச் செலவு ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்கிறது என்பதுதான் அதில் தெரியவந்தது. அறுபதுக்குப் பிறகுதான் மெல்லக் குறைகிறது. ஆக, 47 வயதில் உங்கள் உடம்பு எதையும் நிறுத்திவிடவில்லை.

அப்படியானால் என்னதான் மாறியது? தசை கரைந்தது, உட்காரும் நேரம் கூடியது. முப்பதுக்குப் பிறகு பத்தாண்டுக்குப் பத்தாண்டு நம் தசை சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே போகும், அதற்கு வேலை கொடுக்காவிட்டால். சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கி வைத்துக்கொள்வது இந்தத் தசைதான், அதிலும் தொடையும் பின்புறமும். அது சுருங்கினால் சர்க்கரை போவதற்கு இடமில்லை. பெண்களுக்கு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. நம் நாட்டில் மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 46, 47 வாக்கில். அந்தச் சமயத்தில் தொடையிலும் இடுப்பிலும் சேர்ந்துகொண்டிருந்த கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறுகிறது. எடை அப்படியே இருந்தாலும் ஜாக்கெட்டும் பாவாடை நாடாவும் மாற்றத்தைச் சொல்லிவிடும். இது உங்கள் வாயின் குற்றம் இல்லை.

என் கதையைக் கேட்டிருக்கிறீர்கள். ஐந்து வருடம் முன்பு, எனக்கு 51 வயது, சித்தப்பா இறந்துபோனார். துக்க வீட்டில் பெண்கள் எல்லோரும் கூடத்தில் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தோம். ஒரு மணி நேரம் கழித்து எழப் பார்த்தேன். முடியவில்லை. வலது கையை ஊன்றினேன், அப்புறம் இடது முழங்காலை மடக்கிப் பார்த்தேன், பக்கத்தில் இருந்த தூணைப் பிடிக்க எட்டவில்லை. கடைசியில் இரண்டு பெண்கள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள். அதே கூடத்தில் 78 வயது சித்தி, கணவனைப் பறிகொடுத்த அந்த நாளில்கூட, புடவையை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு தரையிலிருந்து தானாக எழுந்து உள்ளே போனாள். வாழ்நாளெல்லாம் குத்தவைத்து உட்கார்ந்து அரிவாள்மணையில் காய் நறுக்கியவள், அம்மியும் ஆட்டுக்கல்லும் அரைத்தவள். அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எடை 79 கிலோ என்பது அதற்கு முன்பே தெரியும், அது என்னை இவ்வளவு பயமுறுத்தியதில்லை.

பிறகுதான் தெரிந்தது, மருத்துவர்களும் இதை அளக்கிறார்கள் என்று. பிரேசிலில் 51 முதல் 80 வயது வரையிலான 2,002 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொல்லி, கையோ முழங்காலோ ஊன்றுகிற ஒவ்வொரு தடவைக்கும் ஒரு மதிப்பெண் கழித்து, பத்துக்கு எத்தனை என்று குறித்தார்கள். பிறகு சில வருடங்கள் அவர்களைக் கவனித்துவந்தார்கள். மதிப்பெண் மிகக் குறைந்தவர்களில் இறப்பு பல மடங்கு அதிகமாக இருந்தது. 2012-இல் வந்த முடிவு இது. எழ முடியாததே சாவுக்குக் காரணம் என்று இதற்குப் பொருள் இல்லை. தசை பலமும் சமநிலையும் மூட்டின் வளைவும் எந்த நிலையில் இருக்கின்றன என்று அந்த ஒரு அசைவு காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான்.

அதனால் உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். 52 கிலோவை மறந்துவிடுங்கள். அந்த எண்தான் உங்களை மூன்று மாதத்தில் 9 கிலோ இறக்க வைத்தது. அப்படி வேகமாக இறங்கும்போது கொழுப்போடு தசையும் கணிசமாகப் போகும், அதிர்ச்சியில் முடி கொட்டும், திரும்ப ஏறும்போது பெரும்பாலும் கொழுப்பாகவே ஏறும். நீங்கள் தொடங்கியதைவிட மோசமான நிலையில் போய் நின்றது அதனால்தான், மன உறுதி இல்லாததால் இல்லை.

அமெரிக்காவில் 3,234 பேரிடம், உங்களைப் போலச் சர்க்கரையின் வாசலில் நின்றவர்களிடம், ஒரு பெரிய சோதனை நடந்தது. முடிவு 2002-இல் வந்தது. உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது, இதுதான் இலக்கு. அந்தப் பிரிவில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுத்தவர்களுக்குக் குறைந்தது 31 சதவீதம். உங்கள் 76-இல் 7 சதவீதம் என்றால் ஐந்தே கால் கிலோ. 24 கிலோ இல்லை.

நம் ஊர்க்கதை இன்னும் முக்கியம். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் 531 பேரை வைத்து இதே மாதிரி ஒரு சோதனை செய்தார்கள், 2006-இல் வெளியானது. உணவையும் நடையையும் மாற்றியவர்களுக்குச் சர்க்கரை வருவது 28.5 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் அவர்களுடைய எடை சொல்லும்படி இறங்கவே இல்லை. இதைப் படித்த அன்று எனக்கு அழுகை வந்தது. எடை மெஷின் முள் அசையாத நாட்களில் எல்லாம் நான் செய்தது வீண் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

சரி, நான் என்ன செய்தேன். சாப்பாட்டு மேசை நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட்டு, கையை மார்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்து எழுந்தேன். முதல் நாள் ஐந்து தடவைக்கு மேல் முடியவில்லை. குக்கர் விசில் வரும் நேரத்தில் அதைச் செய்வது என்று வைத்துக்கொண்டேன், அதற்கென்று தனியாக ஒரு நேரம் தேடவில்லை. இரண்டு மாதத்தில் பத்துப் பத்தாய் மூன்று சுற்று வந்தது. அப்புறம் அடுக்களைச் சுவரில் கை வைத்துத் தள்ளுவது, இரண்டு கையிலும் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறுவது. முழங்கால் வலி இருந்தால் நாற்காலியில் ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஆறாவது மாதம் தரைக்கு வந்தேன். ஜிம்முக்குப் போக வெட்கமாக இருக்கிறது என்றால் போக வேண்டியதில்லை. ஆனால் தசைக்கு வேலை வாரத்தில் இரண்டு நாளாவது கட்டாயம். வெறும் நடை மட்டும் நம் வயதில் போதாது.

நடையில் ஒன்று சொல்கிறேன். காலையில் ஒரு மணி நேரம் கிடைக்காது, தெரியும், டிபனும் டப்பாவும் பள்ளிக்கூட மணியும் இருக்கிறது. ராத்திரி சாப்பிட்டதும் மொட்டை மாடியில் பத்து நிமிடம் நடங்கள். மத்தியானம் பள்ளியிலும் சாப்பிட்டுவிட்டு நாற்காலிக்குப் போகாமல் தாழ்வாரத்தில் பத்து நிமிடம். சாப்பிட்ட உடனே கொஞ்சம் நடந்தால் அந்த வேளைக்கு ஏறும் சர்க்கரை குறைகிறது. 10,000 அடி என்ற கணக்கைப் பற்றியும் கவலைப்படாதீர்கள். 1965-இல் ஜப்பானில் ஒரு அடி எண்ணும் கருவியை விற்பதற்காகப் பிறந்த எண் அது.

இனி, அந்த மிச்ச இட்லி. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த வரிதான். நம் அம்மாக்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் குடும்பம் நடத்தியவர்கள், கடைசியில் சாப்பிட்டவர்கள், சட்டியில் ஒட்டியதைத் தின்றவர்கள். சோற்றை வீணாக்கக் கூடாது என்பதை நமக்கு ஊட்டி வளர்த்தார்கள். அந்த நல்ல குணத்தை விடச் சொல்ல எனக்கு மனம் இல்லை. நான் செய்தது, இட்லித் தட்டை அடுப்பில் வைப்பதற்கு முன்பு ஒவ்வொருவரிடமும் "உனக்கு எத்தனை?" என்று கேட்டது. பதினாறு அவித்த இடத்தில் பன்னிரண்டு. மாவு ஃபிரிட்ஜில் இருக்கும், அது மிச்சம் இல்லை. குழந்தைகள் தட்டில் விட்டதை அவர்களே அடுத்த வேளைக்குச் சாப்பிடட்டும். நம் வயிறு குப்பைக்கூடை இல்லை தங்கையே.

எண்ணெயை அளந்து பாருங்கள். எங்கள் வீட்டில் நாலு பேருக்கு மாதம் ஐந்து லிட்டர் போய்க்கொண்டிருந்தது. ஒரு லிட்டர் எண்ணெயில் 8,000 கலோரிக்கு மேல் இருக்கிறது. தாளிக்கும் கரண்டியைச் சிறியதாக மாற்றி, மாதத்துக்கு இரண்டரை லிட்டரை ஒரு டின்னில் ஊற்றி வைத்து, அதற்குள் ஓட்டினேன். தலைக்கு ஒரு நாளைக்கு 160 கலோரிக்கு மேல் அப்படியே விலகிப்போனது. யாரும் ருசி குறைந்ததாகச் சொல்லவில்லை, அப்பளம் வாரத்துக்கு ஒரு நாள் ஆனதில்தான் கொஞ்சம் சண்டை.

சோற்றை விட வேண்டாம். இந்தியர்களின் கலோரியில் ஏறக்குறைய 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நாடு தழுவிய ஆய்வு. காலையில் இட்லி, மத்தியானம் சோறு, ராத்திரி தோசை என்றால் மூன்று வேளையும் அரிசிதானே. தட்டில் முதலில் பொரியலையும் கூட்டையும் பாதி இடத்துக்கு வையுங்கள், மீதியில் சோறு. புரதம் ஒவ்வொரு வேளையிலும் வர வேண்டும். காலை இட்லியோடு ஒரு அவித்த முட்டை, அல்லது முளைகட்டிய பாசிப்பயறு. மத்தியானம் மீனோ கெட்டிப் பருப்போ. நாலு மணிக்கு பிஸ்கட் இருந்த இடத்தில் கொண்டைக்கடலைச் சுண்டல். இது எல்லோருக்கும் ஒரே சமையல். உங்களுக்குத் தனி அடுப்பு என்றால் போன தடவை போலவே பாதியில் நின்றுவிடும்.

கணவரிடம் ஒன்று சொல்லுங்கள். நம்மவர்களுக்கு இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டக்கூடாது என்பது மருத்துவக் கணக்கு. அவரையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். குறையாகச் சொல்லவில்லை, வாயைக் கட்டுவது வீட்டில் ஒருவர் வேலையாக இருக்கும்வரை நடக்காது. எங்கள் வீட்டில் ராத்திரி நடைக்கு என் கணவரும் வர ஆரம்பித்த பிறகுதான் அது நிலைத்தது.

தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. பார்த்துவிடுங்கள், இரண்டில் ஏதாவது சரியில்லை என்றால் எவ்வளவு முயன்றாலும் சோர்வு விடாது. யூடியூபில் வரும் தொப்பைக் கஷாயங்களுக்குக் காசு செலவழிக்காதீர்கள். பின்னாளில் சர்க்கரை மாத்திரை எழுதிக்கொடுத்தால், டாக்டரைக் கேட்காமல் பட்டினி விரதம் எதுவும் இருக்க வேண்டாம்.

எனக்கு இப்போது 56. எடை 73 கிலோ, ஐந்து வருடத்தில் ஆறு கிலோதான். அட்டவணைப்படி நான் இன்னும் அதிக எடைதான். ஆனால் இடுப்பு 98 செ.மீ.யிலிருந்து 87-க்கு வந்திருக்கிறது, எச்பிஏ1சி 6.3-லிருந்து 5.8. போன மாதம் சித்தியைப் பார்க்கப் போனேன். தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொடுத்தேன். எழும்போது கை ஊன்றவில்லை. அவள் அதைக் கவனிக்கவில்லை, முறத்தை எடுத்துக்கொண்டு வா என்றாள்.

தையல் பெட்டியிலிருந்து இன்ச் டேப்பை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்டபிறகு அளந்து, காலண்டரில் தேதியோடு எழுதி வையுங்கள். பக்கத்திலேயே அரை நிமிடத்தில் நாற்காலியிலிருந்து எத்தனை தடவை எழ முடிந்தது என்பதையும் எழுதுங்கள். பொங்கல் கழித்து எனக்கு அந்த இரண்டு எண்களையும் அனுப்புங்கள். எடையை எழுத வேண்டாம்.

அன்புடன்,
அக்கா