அடிபட்டு திரும்ப டிராக் ரேஸுக்கு வர்றவங்க கேட்ட கேள்விகள்

இந்த தடவ வந்த கேள்விகள்ல முக்காவாசி, வெலோட்ரோம்ல (சைக்கிள் ரேஸுக்குன்னே சரிவா கட்டின டிராக்) விழுந்து அடிபட்டவங்க "எப்ப ரேஸ் ஓட்டலாம்"னு கேட்டதுதான். எல்லாருக்கும் பொதுவா ஒண்ணு சொல்லிடுறேன், எலும்பு கூடுற நாள் வேற, பத்து பேர் நடுவுல ஒட்டி ஓட்டுறதுக்கு நீங்க தயாராகுற நாள் வேற. டாக்டர் முதல் நாளத்தான் சொல்வாரு, ரெண்டாவது நாள டிராக்லதான் கண்டுபிடிக்கணும்.

காலர்போன் ஒடஞ்சு பிளேட் வச்சு ஆறு வாரம் ஆச்சு, வலி சுத்தமா இல்ல. அடுத்த மாசம் ஸ்டேட் மீட்டுக்கு போலாமா?

வலி இல்லன்றத வச்சு முடிவு பண்ணாதீங்க தம்பி. பிளேட் வச்சா வலி சீக்கிரமே போயிரும், ஆனா எலும்பு கூட ஆறுல இருந்து பன்னெண்டு வாரம் ஆகலாம், அதனால புதுசா ஒரு எக்ஸ்ரே எடுத்து சர்ஜன்கிட்ட காட்டுங்க. அவர்கிட்ட "சைக்கிள் ஓட்டலாமா"ன்னு மட்டும் கேக்காம, ஸ்டார்ட் கேட்ல இருந்து கெளம்பறப்போ ஹேண்டில்பார ரெண்டு கையாலயும் எவ்வளவு பலமா இழுக்குறீங்கன்னு செஞ்சே காட்டுங்க, நெறைய டாக்டருங்களுக்கு இது ரோடு சைக்கிள் மாதிரி இல்லன்னு தெரியாது. அவர் ஓகே சொன்னப்புறமும் வரிசை முக்கியம். மொதல்ல ட்ரெய்னர், அதாவது சைக்கிள அசையாம புடிச்சு வச்சுக்குற ஸ்டாண்ட் (உருளைங்க மேல ஓட்டுற ரோலர் இல்ல, அதுல பேலன்ஸ் போனா அதே தோள்ல விழுவீங்க), அப்புறம் காலி டிராக்ல தனியா, அப்புறம் ஃபிளையிங் 200 (வேகம் எடுத்துட்டு வந்து 200 மீட்டர தனியா நேரம் பாத்து ஓட்டுறது), அதுக்கப்புறம்தான் ஸ்க்ராட்ச் ரேஸ் மாதிரி கூட்டமா ஓட்டுறது. நின்ன எடத்துல இருந்து கெளம்புற ஸ்டாண்டிங் ஸ்டார்ட்டும், ரெண்டு பேர் மாத்தி மாத்தி ஓட்டுற மேடிசன்ல கையப் புடிச்சு பார்ட்னர தள்ளி விடுறதும் கடைசி, ஏன்னா மொத்த இழுவையும் அந்த தோள்லதான் விழும். அடுத்த மாசம்னா ஃபிளையிங் 200க்கு மட்டும் பேர் குடுங்க, அதுவும் டாக்டர் சரின்னா.

பொண்ணுக்கு 16 வயசு. பாயிண்ட்ஸ் ரேஸ்ல விழுந்து தலைல அடி, ஸ்கேன் நார்மல். கோச் அடுத்த வாரமே வர சொல்றாரு.

அனுப்பாதீங்கம்மா. ஸ்கேன் நார்மல்னா உள்ள ரத்தக்கசிவு இல்லன்னுதான் அர்த்தம், மூளை அதிர்ச்சி ஸ்கேன்ல தெரியாது. தலைவலி, வெளிச்சம் பாத்தா கூசுறது, பாடத்துல கவனம் நிக்காதது, வழக்கத்துக்கு மாறா எரிச்சல், இதெல்லாம் இருக்கான்னு நீங்கதான் கூட இருந்து பாக்கணும், பசங்க ரேஸ் போயிருமோன்னு மறைப்பாங்க. உலக சைக்கிளிங் அமைப்பு யூசிஐயோட வழிகாட்டுதல் என்னன்னா, அறிகுறி எல்லாம் முழுசா போனதுக்கப்புறம் பெரியவங்களுக்கு கொறஞ்சது ஒரு வாரம், சின்ன வயசுக்காரங்களுக்கு ரெண்டு வாரம் கழிச்சுதான் போட்டி. கவனிங்க, விழுந்த நாள்ல இருந்து எண்ணக்கூடாது, அறிகுறி போன நாள்ல இருந்து. இன்னொண்ணு, பாயிண்ட்ஸ் ரேஸ்ல விழுந்தவங்க சுமார் 1,300 மீட்டர், அதாவது 250 மீட்டர் டிராக்னா அஞ்சு லேப், வெளிய நின்னுட்டு திரும்ப சேந்துக்கலாம்னு விதி இருக்கு. அது ஒன்றரை நிமிஷம் தான். தலைல அடிபட்ட புள்ளய அந்த நேரத்துக்குள்ள யாராலயும் ஒழுங்கா சோதிக்க முடியாது, அதனால தல தரைல மோதுச்சுன்னா அன்னிக்கு ரேஸ் முடிஞ்சுதுன்னு வீட்லயே இப்பவே பேசி வச்சுக்கோங்க.

விழுந்த ஹெல்மெட்ல கோடு கூட விழல. மாத்தணுமா?

மாத்தணும். உள்ள இருக்குற ஃபோம் நசுங்கியிருந்தா வெளிய தெரியாது. கார்பன் ஃபோர்க்கும் ஹேண்டில்பாரும் கூட கழட்டி பாக்க சொல்லுங்க, பிரேக்கே இல்லாத சைக்கிள் இது.

மரச் சிராய் கால்ல குத்திருச்சு, அசிசுல்ஹஸ்னி மாதிரி எழுந்து ஓட்டலாம்ல?

அவர் கதை எனக்கும் ரொம்ப புடிக்கும். 2011ல மான்செஸ்டர்ல கெய்ரின் ரேஸ்ல விழுந்தப்போ, சுமார் 20 சென்டிமீட்டர் மரத்துண்டு ஆடுசதைல ஒரு பக்கம் குத்தி மறுபக்கம் வந்தும், அந்த மலேசியக்காரர் எழுந்து மூணாவதா முடிச்சாரு. ஆனா நாம கத்துக்க வேண்டியது அந்த சில நொடிய இல்ல, அதுக்கப்புறம் ஆபரேஷன், பொறுமையா பயிற்சின்னு வந்து 2016 ரியோல வெண்கலம், 2017ல உலக சாம்பியன்னு ஆனாரே, அத. ஆழமா குத்துன துண்ட டிராக்ல வச்சே புடுங்காதீங்க, ரத்தக்குழாய அடைச்சுட்டு இருக்கலாம், அப்படியே அசையாம கட்டி ஆஸ்பத்திரிக்கு போங்க, டிடி ஊசியும் போட்டுக்கோங்க.

தோள் வலிக்கு டிரமடால் போட்டுட்டு ஓட்டலாமா? ஸ்டீராய்டு ஊசி?

டிரமடால் கூடவே கூடாது. சைக்கிளிங்ல 2019லயே போட்டி நேரத்துல தடை, 2024 ஜனவரில இருந்து உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு வாடாவோட தடை பட்டியல்லயும் வந்துருச்சு. தலை சுத்தும், தூக்கம் வரும், அந்த நெலமைல மத்தவங்க பக்கத்துல ஓட்டுறது அவங்களுக்கும் ஆபத்து. ஸ்டீராய்டு ஊசி எந்த எடத்துல போட்டாலும் 2022ல இருந்து போட்டி நேரத்துல தடைதான், முன்னாடியே போட்டிருந்தாலும் ஒடம்புல தங்கி டெஸ்ட்ல காட்டலாம், டாக்டர்கிட்ட ரேஸ் தேதிய சொல்லிட்டு பேசுங்க.

கால் எலும்பு ஒடஞ்சு இப்பதான் திரும்ப வர்றேன். பேங்க்கிங் (டிராக் வளைவோட சரிவு) பாத்தாலே கை நடுங்குது.

நடுங்கட்டும், தப்பே இல்ல. பிரிட்டிஷ் டிராக் வீராங்கனை கேட்டி ஆர்ச்சிபால்ட் 2024 ஜூன்ல கால் எலும்பு ஒடஞ்சு பாரிஸ் ஒலிம்பிக்க விட்டுட்டு, அக்டோபர்ல டென்மார்க்ல டீம் பர்சூட்ல (நாலு பேர் அணியா ஓட்டுற ரேஸ்) உலக சாம்பியன் ஆனாங்க, முழு நேர டீம் கூட இருந்த அவங்களுக்கே நாலு மாசம் ஆச்சு, நீங்க அதுக்கு மேல எடுத்துக்கோங்க. கியர கொறைங்க, முன்னாடி 49 பல்லு, பின்னாடி 15 பல்லு போதும், ஃபிக்ஸ்டு கியர்ல நீங்க நிறுத்தினாலும் பெடல் நிக்காது, பெரிய கியர்ல அந்த எதிர்ப்பு முழுக்க முழங்காலுக்கும் அந்த எலும்புக்கும் போகும். கூட்டம் இல்லாத நேரமா பாத்து போங்க. டிராக்கோட உள் ஓரத்துல இருக்குற நீலப் பட்டைல சுத்தி சூடாகிட்டு அதுக்கு மேல இருக்குற கருப்பு கோட்டுக்கு வாங்க, அது சாதாரணமா ஆனப்புறம் இன்னும் மேல இருக்குற நீலக் கோடு, அப்புறம் மேல வேலி வரைக்கும். 42 டிகிரி சரிவுல பயந்து ஸ்பீட கொறைச்சாதான் டயர் வழுக்கும், அதனால வளைவுக்குள்ள போறதுக்கு முன்னாடியே கொஞ்சம் அழுத்துங்க, கண்ணு முன் சக்கரத்துல இல்லாம வளைவோட முடிவுல இருக்கட்டும். இது பழகினப்புறம் நீங்க நம்புற ஒரே ஒருத்தர் பின்னாடி ரெண்டு மீட்டர் விட்டு ஓட்டுங்க, அந்த இடைவெளிய கொறைக்கிறது எப்பன்னு நீங்களே சொல்லுங்க, கோச் சொல்ல வேண்டாம்.