மாதச் சந்தா டாக்டரிடம் சேரலாமா?

கேள்வி: வணக்கம் சார். நாங்கள் டெக்சாஸில் ஃப்ரிஸ்கோவில் இருக்கிறோம். எனக்கு 43 வயது, மனைவிக்கு 40, பிள்ளைகளுக்கு 9, 6. கம்பெனியில் ஹெச்.எஸ்.ஏ.வுடன் (வைத்தியச் செலவுக்கான வரியில்லாச் சேமிப்புக் கணக்கு) கூடிய ஹை டிடக்டிபிள் இன்ஷூரன்ஸ் பிளான். குடும்பத்துக்கு டிடக்டிபிள், அதாவது இன்ஷூரன்ஸ் கொடுக்க ஆரம்பிக்கும் முன் நாங்களே கட்ட வேண்டியது, 6,000 டாலர். மனைவிக்குத் தைராய்டும் ஒற்றைத் தலைவலியும் உண்டு. போன வருஷம் டாக்டர் ஃபீஸ் 800, லேப் 340, அர்ஜென்ட் கேர் (அவசரத்துக்குப் போகும் கிளினிக்) 220 என்று மொத்தம் 1,360 டாலர் கையிலிருந்து போனது. எனக்கு சுகர் 'பார்டர்' என்று ஒருமுறை சொன்னார்கள். அதற்கப்புறம் நான் டாக்டர் பக்கமே போகவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மெம்பர்ஷிப் டாக்டர் இருக்கிறார். பெரியவர்களுக்கு மாதம் 85 டாலர், பிள்ளைகளுக்குத் தலா 30, 65 வயதுக்கு மேல் 110. சேர்ந்தால் என்ன கிடைக்கும்? ஹெச்.எஸ்.ஏ.யிலிருந்து கட்டலாமா? சேர்ந்துவிட்டால் இன்ஷூரன்ஸை விட்டுவிடலாமா? ஏப்ரலில் அம்மா தஞ்சாவூரிலிருந்து ஆறு மாதம் தங்க வருகிறார், பி.பி., சுகர் இரண்டும் உண்டு. அவரையும் சேர்க்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் இந்தச் சந்தாவுக்கு முழுத் தகுதி உள்ளவர் உங்கள் அம்மாதான். பிள்ளைகளுக்கு வேண்டாம். உங்கள் இருவருக்கும் 'சரி' என்பேன், ஆனால் பணம் மிச்சமாகும் என்று நினைத்துச் சேராதீர்கள். மிச்சமாகாது.

முதலில் அந்த டாக்டர் எந்த வகை என்று பாருங்கள். மெம்பர்ஷிப் என்ற ஒரே பெயரில் மூன்று விதமான கடைகள் நடக்கின்றன. கான்சியர்ஜ் என்பது பணக்காரர்களுக்காக 1996-ல் சியாட்டிலில் தொடங்கிய பழக்கம். அதில் வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் சந்தா வாங்குவார்கள். பெரும்பாலும் ஒவ்வொரு விசிட்டுக்கும் இன்ஷூரன்ஸுக்குத் தனி பில்லும் போகும். அடுத்தது அமேசான் 2023-ல் வாங்கிய ஒன் மெடிக்கல் மாதிரி. ப்ரைம் உறுப்பினர்களுக்கு வருஷம் 99 டாலர் என்று அந்த வருஷமே விலையைக் குறைத்தார்கள். ஆனால் அந்தப் பணம் ஆப்புக்கும் சீக்கிரம் கிடைக்கும் அப்பாயின்ட்மென்ட்டுக்கும்தான். நேரில் பார்த்தால் இன்ஷூரன்ஸ் பில் தனி. மூன்றாவது டைரக்ட் பிரைமரி கேர், அதாவது குடும்ப டாக்டரிடம் நேரடிச் சந்தா. மாதச் சந்தாவோடு சரி. கோபே (ஒவ்வொரு விசிட்டுக்கும் நாம் கட்டும் தொகை) இல்லை, இன்ஷூரன்ஸ் பில்லே இல்லை. நீங்கள் சொல்லும் 85 டாலர் விலையைப் பார்த்தால் இந்த மூன்றாவது வகை போலத் தெரிகிறது. "விசிட்டுக்குத் தனியாக ஏதாவது வாங்குவீர்களா, இன்ஷூரன்ஸுக்கு பில் போடுவீர்களா" என்று கேட்டு, "இல்லை" என்ற பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஹெச்.எஸ்.ஏ. விஷயம் முழுக்க அந்தப் பதிலைப் பொறுத்தது.

ஏனென்றால் 2025 கடைசி வரைக்கும் இந்த மாதிரி சந்தா கட்டினால் ஹெச்.எஸ்.ஏ.யில் பணம் போடும் தகுதியே போய்விடும் என்பதுதான் ஐ.ஆர்.எஸ்.ஸின் (வரித்துறையின்) நிலைப்பாடு. 2025 ஜூலையில் வந்த சட்டம் அதை மாற்றியது. 2026 ஜனவரி 1 முதல், ஒருவருக்கு மாதம் 150 டாலர், ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்குச் சேர்த்து 300 டாலர் வரையிலான டைரக்ட் பிரைமரி கேர் சந்தா உங்கள் தகுதியைக் கெடுக்காது. சந்தாவையே ஹெச்.எஸ்.ஏ.யிலிருந்து கட்டவும் செய்யலாம். நிபந்தனை, அந்த நிலையான சந்தா மட்டுமே டாக்டருக்குக் கூலியாக இருக்க வேண்டும். விசிட்டுக்குத் தனி பில் போடும் கான்சியர்ஜ் இதற்குள் வராது. நீங்கள் நாலு பேரும் சேர்ந்தாலும் மாதம் 230 டாலர்தான், வரம்புக்குள் இருக்கிறீர்கள்.

இங்கேதான் நம் ஆட்கள் ஒரு கணக்கில் சறுக்குகிறார்கள். "வரி பிடிக்காத பணத்தில் கட்டுகிறோம், அதனால் சந்தா முப்பது சதவீதம் மலிவு" என்று போன மாதம்கூட ஒருவர் என்னிடம் வாதாடினார். போன வருஷம் நீங்கள் கட்டிய 1,360 டாலரையும் ஹெச்.எஸ்.ஏ.யிலிருந்து கட்டியிருக்கலாமே? இரண்டு பக்கமும் அதே சலுகை இருக்கும்போது அதை ஒரு பக்கம் மட்டும் கழிப்பது கணக்கு ஆகாது. தவிர, ஒரு குடும்பம் ஹெச்.எஸ்.ஏ.யில் போடக்கூடிய 2026 வரம்பு 8,750 டாலர். அதை நீங்கள் ஏற்கெனவே நிரப்பிக்கொண்டிருந்தால், சந்தாவால் புதிதாக ஒரு பைசா வரி மிச்சமில்லை. முதலீடாக வளர வேண்டிய பணம் வெளியே போகிறது, அவ்வளவுதான்.

நேர்மையான கணக்கு இப்படி வரும். நீங்களும் மனைவியும் மட்டும் சேர்ந்தால் வருஷம் 2,040 டாலர். சந்தா டாக்டர் மூலம் லேப் மொத்த வியாபார விலையில் கிடைக்கும் என்பதால் 340 என்பது 60 ஆகக் குறையலாம். அர்ஜென்ட் கேர் தேவைப்படாது என்றே வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,100. போன வருஷத்தைவிட 740 டாலர் அதிகம், மாதத்துக்கு அறுபத்திரண்டு டாலர் கிட்ட. அந்த அறுபத்திரண்டுக்கு என்ன வாங்குகிறீர்கள் என்பதுதான் கேள்வி. நீங்கள் வாங்குவது டாக்டரின் நேரம். வழக்கமான பிரைமரி கேர் டாக்டரிடம் இரண்டாயிரம் நோயாளிகள்கூட இருப்பார்கள். சந்தா டாக்டர்கள் சில நூறோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

சேரும்போது நடப்பதைச் சொல்கிறேன். நானும் இரண்டு வருஷமாக இப்படி ஒரு டாக்டரிடம்தான் போகிறேன். முதலில் பதினைந்து நிமிஷம் இலவசமாகப் பேசிப் பார்க்கச் சொல்வார்கள். அதை விட்டுவிடாதீர்கள், பெண் பார்க்கப் போகிற மாதிரி குடும்பத்தோடு போங்கள். பிடித்திருந்தால் ஒப்பந்தம். அதில் "இது இன்ஷூரன்ஸ் அல்ல" என்ற வரி கண்டிப்பாக இருக்கும். டெக்சாஸ் சட்டப்படி அதை எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். கார்டு நம்பர் கொடுப்பீர்கள், மாதாமாதம் தானாகப் போகும். பழைய டாக்டரிடமிருந்து ரெக்கார்டு வரவழைக்க ஒரு கையெழுத்து. இது வர வாரக்கணக்கில் ஆகலாம். மனைவியின் தைராய்டு ரிப்போர்ட்டுகளைப் பழைய போர்ட்டலிலிருந்து நீங்களே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் விசிட்தான் இதில் அதிசயம். எனக்கு எழுபத்தைந்து நிமிஷம் ஆனது. டாக்டர் கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்துவிட்டு, இரவு எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறேன், எவ்வளவு சோறு, அப்பாவுக்கு எத்தனை வயதில் ஹார்ட் பிரச்சினை வந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். "சோறு கொஞ்சம்தான்" என்றேன். "கொஞ்சம்னா எந்தக் கிண்ணத்தில்?" என்றார். வழக்கமான பன்னிரண்டு நிமிஷ விசிட்டில் யாரும் கிண்ணம் வரைக்கும் வருவதில்லை. உங்களுக்கு அந்த 'பார்டர்' சுகர் இருக்கிறதே, ஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சுகர்) 5.7-லிருந்து 6.4 வரை என்றால் ப்ரீ-டயாபடிஸ். தெற்காசிய வம்சாவளி என்பதையே இதய நோய் அபாயத்தைக் கூட்டும் அம்சமாக அமெரிக்க கொலஸ்ட்ரால் வழிகாட்டி 2018-லேயே சேர்த்துவிட்டது. வருஷக்கணக்கில் டாக்டரைத் தவிர்த்த ஒருவருக்கு, தவிர்க்கச் சாக்கு இல்லாத டாக்டர் கிடைப்பது உங்கள் பங்கான வருஷம் 1,020 டாலர் பெறும் என்பது என் கட்சி.

அப்புறம் தினசரி எப்படி இருக்கும்? தலைவலி மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மனைவி ஒரு மெசேஜ் போடுவார், பெரும்பாலும் அன்றே பதில் வரும். அன்றைக்கோ மறுநாளோ நேரில் பார்க்கலாம். ஆனால் நெஞ்சுவலி என்றால் மெசேஜ் போட்டுவிட்டு உட்காராதீர்கள், 911தான். டாக்டர் லீவில் போனால் யார் பார்ப்பார்கள் என்றும் கேட்டு வையுங்கள்; தனி ஆளாக நடத்தும் இடங்களில் இதுதான் பலவீனம். இன்னொன்று, சில மாநிலங்களில் இந்த டாக்டர்கள் மாத்திரையையும் மொத்த விலைக்குத் தாங்களே தருவார்கள். இணையத்தில் வரும் புகழுரைகளில் பாதி அதைப் பற்றித்தான். டெக்சாஸில் டாக்டர் மருந்து விற்பதற்குச் சட்டம் கடிவாளம் போட்டிருக்கிறது, அதனால் அந்தச் சேமிப்பை உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள்.

லேப் விஷயத்தில் நான் சூடுபட்டவன். டாக்டர் மொத்த விலையில் எழுதிக் கொடுத்த டெஸ்டுகள், 34 டாலர். ரத்தம் எடுக்கும் இடத்தில் "இன்ஷூரன்ஸ் கார்டு?" என்று கை நீட்டினார்கள், பழக்கதோஷம், எடுத்துக் கொடுத்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து 287 டாலருக்கு பில் வந்தது. திருத்த நாலு போன் கால் ஆனது. கார்டைப் பர்ஸிலேயே வையுங்கள், "டாக்டர் அக்கவுன்ட்டில் பில் போடுங்கள்" என்று சொல்லுங்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. சந்தாவும் இப்படிக் கட்டும் லேப் பணமும் உங்கள் 6,000 டாலர் டிடக்டிபிளில் சேராது. போன வருஷக் கணக்கில் 1,360 கழிந்திருந்தது. இனி அக்டோபரில் ஒரு ஆபரேஷன் வந்தால் பூஜ்யத்திலிருந்து ஆரம்பம். ஸ்கேன், ஸ்பெஷலிஸ்ட், ஆஸ்பத்திரி எதுவும் சந்தாவில் அடங்காது. ஆகவே இன்ஷூரன்ஸை விடுவது பற்றி யோசிக்கவே வேண்டாம். அதை விட்டால் ஹெச்.எஸ்.ஏ.யில் பணம் போடும் தகுதியும் கூடவே போகும். உங்கள் பிளான் ஸ்பெஷலிஸ்டிடம் நேரே போகவிடும் பி.பி.ஓ.வா, ரெஃபரல் (சிபாரிசுச் சீட்டு) கேட்கும் ஹெச்.எம்.ஓ.வா என்று இன்றே பாருங்கள். ஹெச்.எம்.ஓ. என்றால் ஸ்பெஷலிஸ்டுக்கான ரெஃபரல் அவர்கள் நெட்வொர்க் (இன்ஷூரன்ஸோடு ஒப்பந்தம் உள்ள) டாக்டரிடமிருந்துதான் வர வேண்டியிருக்கும். சந்தா டாக்டர் எழுதியது செல்லாமல் போனால் ஒரே வேலைக்கு இரண்டு டாக்டர் வைத்துக்கொண்ட கதைதான்.

பிள்ளைகளை ஏன் வேண்டாம் என்றேன்? ஆரோக்கியமான குழந்தைகளின் வருடாந்தரச் செக்கப்பும் தடுப்பூசியும் நெட்வொர்க் டாக்டரிடம் இன்ஷூரன்ஸிலேயே இலவசம், டிடக்டிபிள்கூடக் குறுக்கே வராது. சின்னச் சந்தா கிளினிக்குகள் பல தடுப்பூசியே வைத்திருப்பதில்லை. இருவருக்கும் வருஷம் 720 டாலர் கட்டிவிட்டு ஊசிக்கு வேறு இடம் அலைவானேன்? ஆஸ்துமா, அடிக்கடி காது வலி என்று ஏதாவது இருந்தால் மறுபடி எழுதுங்கள், வேறு பதில் சொல்வேன்.

இப்போது அம்மா. விசிட்டர் இன்ஷூரன்ஸ் எடுத்துத்தான் ஆக வேண்டும், அது ஆஸ்பத்திரிக்கு. ஆனால் அந்தப் பாலிசிகள் ஏற்கெனவே உள்ள பி.பி., சுகரின் வழக்கமான வைத்தியத்தைத் தொடாது. திடீரென்று முற்றினால் மட்டும், அதுவும் ஒரு வரம்புக்குள். நடுவில் இருக்கும் அந்தப் பள்ளத்தைத்தான் இந்தச் சந்தா நிரப்புகிறது. மாத்திரை தீர்ந்தது, கால் வீங்குகிறது, இரண்டு நாளாகத் தலைசுற்றல் என்றால் அர்ஜென்ட் கேரில் ஒருமுறை காட்டுவதற்கே இருநூறு டாலர் ஆகும். அம்மாவுக்கு 65 தாண்டியிருந்தால், இங்கே மாதம் 110 வீதம் ஆறு மாதத்துக்கும் சேர்த்து 660. மாதம் மாதமாகச் சேர்ந்து விலகலாமா, எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், மறுபடி அடுத்த வருஷம் வந்தால் மறுசேர்க்கைக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். வருஷச் சந்தா மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். அம்மாவுக்கு அதை எடுக்காதீர்கள். அவர் சந்தாவை உங்கள் ஹெச்.எஸ்.ஏ.யிலிருந்தும் கட்டாதீர்கள். விசிட்டர் விசாவில் வருபவர் பொதுவாக உங்கள் வரிக் கணக்கில் உங்களைச் சார்ந்தவர் ஆகமாட்டார். அவருக்குத் தனி ஒப்பந்தம், சாதாரண பேங்க் கார்டு.

அம்மா கிளம்பும் முன் ஒரு வேலை இருக்கிறது. மாத்திரை அட்டைகளின் பின்பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நம் ஊர் பிராண்டுப் பெயர் இங்கே டாக்டருக்குத் தெரியாது, உள்ளே இருக்கும் மருந்தின் பெயர்தான் வேண்டும். அதிலும் நம் பக்கம் சர்வசாதாரணமாக எழுதும் வில்டாகிளிப்டின் (சுகருக்கு), சில்னிடிபின் (பி.பி.க்கு) இரண்டும் அமெரிக்காவில் கிடைக்கவே கிடைக்காது. மாற்று மருந்துக்குப் போனால் சுகரும் பி.பி.யும் கொஞ்ச நாள் ஆடும். தஞ்சாவூர் டாக்டரிடம் ஆறு மாதத்துக்கான சீட்டு எழுதி வாங்கி, மாத்திரையை அட்டையோடும் சீட்டோடும் கைப்பையில் கொண்டுவரட்டும். இங்கே முதல் விசிட்டை அவர் வந்திறங்கிய முதல் வாரத்திலேயே வையுங்கள், ஜெட்லாக் தெளிந்து மூன்றாவது நாள் போதும்.