பயிற்சியாளர் கையில் கேமரா: கல்லூரி விளையாட்டு கேள்வி-பதில்

கல்லூரி வாலிபால் அணிக்குப் பயிற்சி அளிக்கிறேன். ரசிகர்களைச் சேர்க்க நானும் ரீல்ஸில் நடனமாட வேண்டும் என்று வீராங்கனைகள் வற்புறுத்துகிறார்கள். எனக்குக் கூச்சம். வேறு வழி உண்டா?

உண்டு, அதுவே மேலான வழி என்பேன். ஆட விரும்புகிறவர்கள் ஆடட்டும். உங்களிடம் இருப்பது ஆட்டத்தைப் படிக்கத் தெரிந்த கண். அரங்கில் இருக்கும் ரசிகர் பந்தைப் பின்தொடர்கிறார். பந்து கைக்கு வருமுன்பே செட்டர் (அடிப்பவருக்குப் பந்தை ஏற்றித் தருபவர்) எதிரணியின் நடுத் தடுப்பாளரை ஓரக்கண்ணால் அளந்துவிட்டதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதைக் காட்டுங்கள்.

ஒரே ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் இயல்பான வேகத்தில் ஓட்டுங்கள். பிறகு நிறுத்தி, செட்டரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, "இவர் எங்கே பார்க்கிறார் என்று கவனியுங்கள்" என்று சொல்லுங்கள். மீண்டும் ஓட்டுங்கள். ஒன்றரை நிமிடம் தாராளம். அடுத்த ஆட்டத்தில் அந்த ரசிகரின் கண் தானாகவே செட்டரைத் தேடும். அவரை அரங்குக்கு மறுபடி வரவழைப்பது அந்தத் தேடல்தான்.

மிக எளிய கேள்விகளையும் விட்டுவிடாதீர்கள். லிபரோ மட்டும் ஏன் வேறு நிறச் சட்டை அணிகிறார்? பலர் கேட்கத் தயங்கும் கேள்வி இது. அவர் பின்வரிசையில் மட்டுமே ஆடுபவர். வலையின் மேல்விளிம்பைவிட உயரத்தில் உள்ள பந்தைத் தாக்கி எதிர்ப்பக்கம் அனுப்பக்கூடாது. வழக்கமான மாற்று ஆட்டக்காரர் கணக்கில் சேராமல் உள்ளே வந்து போகலாம். நடுவர் அவரைச் சட்டென அடையாளம் காணவே அந்த நிறம். இதை ஒரு லிபரோவே சொன்னால் இன்னும் அழகு. அடுத்த வாரத்துக்கு வைத்திருக்கும் வியூகத்தை மட்டும் விளக்கிவிடாதீர்கள். எதிரணிப் பயிற்சியாளரும் உங்கள் பக்கத்தைப் பார்ப்பார்.

தொடர்ந்து தோற்கிறோம். பதிவிடவே மனம் வரவில்லை.

அன்றிரவே பதிவிடுங்கள். வென்றால் பத்துப் பதிவு, தோற்றால் மௌனம் என்றிருந்தால் ரசிகர் அதைக் கவனிக்காமல் இருக்க மாட்டார். முடிவைச் சொல்லி, வந்தவர்களுக்கு நன்றி சொல்லி, பயிற்சியில் எதைத் திருத்தப்போகிறீர்கள் என்று ஒரு வரி எழுதினால் போதும். தனி ஒருவரின் பிழையைக் காட்டாதீர்கள். நடுவரைக் குறை சொல்லாதீர்கள். அதற்காகப் பயிற்சியாளருக்கு அபராதம் விதிக்கும் கூட்டமைப்புகள் உண்டு.

தோல்விக்குப் பின் உடைமாற்றும் அறையில் நான் பேசியதை உதவியாளர் படம்பிடித்திருக்கிறார். உருக்கமாக வந்திருக்கிறது. வெளியிடலாமா?

முதலில் வீரர்களிடம் கேளுங்கள். அதுவும் தனித்தனியாக, மறுநாள் கேளுங்கள். பயிற்சியாளர் எல்லோர் முன்னிலையிலும் கேட்டால் எந்த மாணவர் மறுப்பார்? யார் ஆடுவது என்பதை முடிவு செய்பவர் நீங்கள். அந்த அதிகாரத்தின் நிழலில் கிடைக்கும் சம்மதத்தை நான் சம்மதமாக எண்ணுவதில்லை. ஒருவர் மறுத்தாலும் அவர் முகமும் குரலும் வராதபடி வெட்டுங்கள். வெட்ட முடியாவிட்டால் அந்தக் காணொளியையே விட்டுவிடுங்கள்.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அழுதுகொண்டிருக்கும் பத்தொன்பது வயது மாணவரின் முகம் ஒருமுறை இணையத்துக்குப் போனால் திரும்பி வராது. அதை வைத்து வசைபாடுகிறவர்களும் அங்கே காத்திருக்கிறார்கள். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ, 2024 கூடைப்பந்துப் போட்டிகளின்போது வந்த இணைய வசைகளை ஆராய்ந்தது. ஆண்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு மிரட்டல்கள் பெண்களுக்கு வந்திருந்தன. ஆட்டத்தின்மீது பந்தயம் கட்டிப் பணத்தை இழந்தவர்களின் கோபமும் வீரர்கள்மீதுதான் திரும்புகிறது. எனவே பந்தயம் கட்டுவோருக்குத் துப்பாகக்கூடிய காயம், சிகிச்சை, நாளை யார் ஆடுவார் என்பதைப் பற்றிய எதுவும் கேமராவின் ஓரத்தில்கூட விழக்கூடாது. பின்னால் தெரியும் வெள்ளைப் பலகையையும் பாருங்கள். பதிவிட்ட பிறகு பின்னூட்டங்களை யார் கண்காணிப்பது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள்; அந்த வேலையை வீரர்கள் தலையில் கட்டாதீர்கள்.

வெற்றிக் காணொளிக்குப் பிரபலமான பாடலைச் சேர்க்கலாமா? எல்லோரும் செய்கிறார்களே?

உரிமம் இல்லாமல் வேண்டாம். தனிநபர் கணக்கில் ஒரு பாடல் கிடைக்கிறது என்பதால், கல்லூரி அணியின் விளம்பரத்துக்கும் அதைப் பயன்படுத்தலாம் என்று பொருளில்லை. சோனி மியூசிக் நிறுவனம் 2025 மார்ச்சில் சதர்ன் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மீது வழக்குத் தொடுத்ததே, அதன் விளையாட்டு அணிகளின் சமூக ஊடகக் காணொளிகளில் அனுமதியின்றிப் பாடல்கள் வந்தன என்றுதான். தளமே வணிகப் பயன்பாட்டுக்குத் தரும் இசைத் தொகுப்பு இருக்கிறது. எனக்குப் பிடித்தது அதைவிட எளியது: தரையில் காலணி கிறீச்சிடும் ஒலி, விசில், பந்து கையில் அறையும் ஓசை, மாற்று ஆட்டக்காரர் இருக்கையிலிருந்து எழும் கூச்சல். நல்ல ஒலிவாங்கியை ஆடுகளத்தருகே வைத்தால் போதும்.

எங்கள் பெண்கள் அணிக்கு ரசிகர்களே இல்லை. ஆண்கள் அணிக்குத்தான் படப்பிடிப்புக் குழு வருகிறது.

முதலில் அதைக் கேட்டுப் பெறுங்கள். அமெரிக்காவில், 1972ஆம் ஆண்டின் டைட்டில் ஒன்பது சட்டத்தின் விதிகள் ஆண், பெண் அணிகளுக்குச் சம வாய்ப்பு இருக்கிறதா என்று பார்க்கும்போது விளம்பரத்தையும் கணக்கில் எடுக்கின்றன. உங்களுக்கு வரவேண்டியதை உரிமையோடு கேளுங்கள்.

ரசிகர் இல்லை என்பதையும் நான் ஏற்கவில்லை. அவர்கள் இன்னும் பார்க்கவில்லை. அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகப் பெண்கள் வாலிபால் ஆட்டத்தை 2023 ஆகஸ்ட் 30 அன்று கால்பந்து மைதானத்தில் நடத்தியபோது வந்தவர்கள் 92,003 பேர். யூசிஎல்ஏ பல்கலைக்கழக ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை கேட்லின் ஒஹாஷி 2019 ஜனவரியில் தரைப் பயிற்சியில் முழு 10 புள்ளிகள் பெற்ற காணொளி கோடிக்கணக்கில் பார்க்கப்பட்டது. அதில் எந்தப் படப்பிடிப்பு வித்தையும் இல்லை. ஒரு நிகழ்ச்சியை முழுதாகக் காட்டியிருந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் பின்னணியைப் பாருங்கள்: ஓரத்தில் நின்ற அணித் தோழிகள் அவருடைய அசைவுகளைக் கூடவே ஆடிக்கொண்டிருப்பார்கள். பயிற்சியாளர் வேலரி காண்டோஸ் ஃபீல்ட் பாலே நடனத்திலிருந்து வந்தவர். அவர் வளர்த்த அணியின் குணம் அந்தச் சட்டகத்தில் தெரிந்தது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகப் பெண்கள் வாலிபால் ஆட்டத்தை 2023 ஆகஸ்ட் 30 அன்று கால்பந்து மைதானத்தில் நடத்தியபோது வந்தவர்கள் 92,003 பேர். எனவே உங்கள் கேமரா புள்ளி எடுத்தவரோடு நிற்காமல், மாற்று இருக்கைகளின் பக்கமும் திரும்பட்டும்.

எங்கள் அணியில் சேரவிருக்கும் பள்ளி வீரரின் படத்தைப் போட்டு வரவேற்கலாமா?

என்சிஏஏ அணி என்றால், அவர் முறையாகக் கையொப்பமிடும்வரை அவரைப் பற்றி எதுவும் எழுதாதீர்கள். ஆனால் அவருடைய பதிவுக்கு விருப்பம் தெரிவிக்கவும் அதைப் பகிரவும் என்சிஏஏவின் முதல் பிரிவு அணிகளுக்கு 2016 ஆகஸ்ட் முதல் அனுமதி உண்டு. ஐயமிருந்தால் உங்கள் விதிமுறை அலுவலரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

தனியாக ஊழியர் யாருமில்லை. எத்தனை தளம், வாரத்துக்கு எத்தனை பதிவு? பலன் கிடைக்கிறதா என்று எப்படி அறிவது?

ஒரு தளம். ஆட்ட வாரத்தில் மூன்று பதிவுகள்: முன்னால் ஒன்று, அன்றிரவு ஒன்று, இரண்டு நாள் கழித்து விளக்கக் காணொளி ஒன்று. கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து எடுங்கள். முதல் இரண்டு விநாடிக்குள் ஆட்டம் தெரியட்டும், கல்லூரிச் சின்னம் பிறகு வரலாம். பேச்சை எழுத்தாகவும் திரையில் போடுங்கள். செவித்திறன் குறைந்தவர்களுக்கு அது தேவை, ஒலியை நிறுத்திவைத்துப் பார்ப்பவர்களுக்கும் உதவும். இதழியல் படிக்கும் மாணவர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு அவர் பெயரையும் பதிவில் போடுங்கள்.

பார்வை எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். எத்தனை பேர் சேமித்தார்கள், நண்பருக்கு அனுப்பினார்கள் என்று பாருங்கள். ஆட்ட நாளில் வாசலில் நின்று, எதைப் பார்த்துவிட்டு வந்தார்கள் என்று சிலரிடம் கேளுங்கள். பின்னூட்டத்தில் ஆட்டத்தைப் பற்றிய கேள்வி வந்தால், அடுத்த விளக்கக் காணொளிக்கு அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.