வேரில் செய்யும் வேலை

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் விலங்கியலில் முதுகலை முடித்தவள். பள்ளிப் பிள்ளைகளிடம் விலங்குகள் மீதான பரிவை வளர்ப்பதையே வாழ்நாள் பணியாகக் கொள்ள விரும்புகிறேன். ‘மனுநீதிச் சோழன் கதையைப் படித்து வளரும் பிள்ளைகளுக்கு இதை வேறு தனியாகச் சொல்லித்தர வேண்டுமா? மனிதர்களே அல்லல்படும்போது நாய்க்கும் மாட்டுக்கும் பரிந்து பேச ஓர் ஆசிரியரா?’ என்று வீட்டில் கேட்கிறார்கள். பரிவைக் கற்பிக்க முடியுமா? அதை நம்பிப் பிழைக்க முடியுமா?

க.

அன்புள்ள க.,

உங்கள் வீட்டார் கேட்பது பழைய கேள்விதான். பாஸ்டன் நகர வழக்கறிஞர் ஜார்ஜ் ஏஞ்செலிடமும் (1823–1909) இதையே கேட்டார்கள். ‘நான் வேரில் வேலை செய்கிறேன்’ என்றார் அவர். தம் சொத்தில் பெரும்பகுதியைத் தமக்குப் பின், வளர்ப்பு விலங்குகளிடம் நடந்துகொள்ளும் முறையைச் சிறுவர்களுக்கு உணர்த்தும் நூல்களுக்குச் செலவிட வேண்டும் என்று 1864இலேயே உயில் எழுதியவர். 1868இல் ஒரு பந்தயத்தில் சுமார் 40 மைல் விரட்டப்பட்ட இரண்டு குதிரைகள் இறந்த செய்தி வந்தது. அதன்பின் உயில் நடைமுறைக்கு வரும்வரை பொறுத்திருக்க அவருக்கு மனம் வரவில்லை. அவ்வாண்டே மாசசூசெட்ஸில் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் கண்டார், இதழ் தொடங்கினார். 1882இல் தாமஸ் டிம்மின்ஸ் என்ற போதகருடன் சேர்ந்து, சிறுவர்கள் உறுதிமொழி எடுத்துச் சேரும் கருணைக் குழுக்களை அமெரிக்காவில் பரப்பினார்.

மனுநீதிச் சோழன் கதையைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அதில் பிள்ளைகள் காண்பது அரசனைத்தான். கன்று தொடக்கத்திலேயே தேர்க்காலில் இறந்துவிடுகிறது. கன்றுக்கு எது வலிக்கும், எது வேண்டும் என்பதற்கு அக்கதையில் இடமில்லை. அதனால்தான் வகுப்பில் அதை ஒப்பிக்கும் பையன் பள்ளி வாசலில் நாய்மீது கல்லெறிவதில் எந்த முரணையும் உணர்வதில்லை. ஏஞ்செல் 1890இல் அமெரிக்காவில் பெருமளவில் அச்சிட்டுப் பரப்பிய, அன்னா சிவெலின் ‘பிளாக் பியூட்டி’ நாவல் வேறு வகையானது. வண்டிக் குதிரையின் தலையை நாகரிகத்துக்காக மேலே தூக்கிக் கட்டும் வார், அது மேட்டில் ஏறும்போது கழுத்தையும் மூச்சையும் என்ன செய்கிறது என்பதைக் குதிரையே சொல்வதாக அமைந்த நூல் அது. படித்தவருக்கு மறுநாள் தெருவில் எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

பரிவைக் கற்பிக்க முடியுமா என்ற கேள்விக்கு என் பதிலும் இதில்தான் இருக்கிறது. உணர்ச்சியை ஊட்ட முடியாது. கவனிக்கக் கற்றுத்தர முடியும். நம் ஊரில் நாயைக் கண்டு நடுங்கும் குழந்தையிடம் ‘அதை நேசி’ என்பதால் பயனில்லை. நாய் நெருங்கினால் ஓடாமல், கண்ணுக்குக் கண் பார்க்காமல் அசையாது நிற்க வேண்டும் என்பதையும், குட்டி போட்ட நாயிடமும் தின்றுகொண்டிருக்கும் நாயிடமும் போகக் கூடாது என்பதையும், கடிபட்டால் ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே தடுப்பூசிக்குச் செல்ல வேண்டும் என்பதையும் முதலில் சொல்லுங்கள். (இந்தக் கழுவுதலைப் பெரியவர்களிலும் பலர் செய்வதில்லை.) பயம் குறைந்தால்தான் கல் கையைவிட்டு இறங்கும். விலங்கியல் படித்தவர் நீங்கள் என்பது இங்கே பெரிய வசதி.

பிழைப்பைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். விலங்குகளைக் கனிவுடன் நடத்துவது குறித்த கல்வியை, 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் விலங்கு நல வாரியத்தின் பணிகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. அந்தச் சட்டத்துக்காக மாநிலங்களவையில் போராடி, பின்னர் வாரியத்தின் முதல் தலைவராகவும் இருந்தவர் நம் சென்னையின் ருக்மிணி தேவி அருண்டேல். ஆனால் சட்டத்தில் வரி இருப்பது வேறு, மாதச் சம்பளம் வருவது வேறு. தொண்டு நிறுவனங்களில் இதற்கென்றே உள்ள இடங்கள் குறைவு. ஏஞ்செலும் சங்கம் தொடங்கியபோது நாற்பதைக் கடந்த, தொழிலில் காலூன்றிய வழக்கறிஞர். ஆகவே முதலில் பி.எட். முடித்து உயிரியல் ஆசிரியராகுங்கள். விலங்கு நல நிறுவனமொன்றில் விடுமுறை நாட்களில் வேலை செய்து, கூண்டைக் கழுவுவதிலிருந்து எல்லாவற்றையும் பழகிக்கொள்ளுங்கள். பள்ளிக்குள் இருக்கும் ஆசிரியருக்கு ஒரே பிள்ளைகள் ஆண்டு முழுவதும் கிடைப்பார்கள். வெளியிலிருந்து வந்து பேசிச் செல்பவருக்கு ஒரு பாடவேளை கிடைத்தால் அதிகம்.

அன்புடன்.