வேலையில் விரல் போனது, ஆஸ்பத்திரிச் செலவை ஓனரே கட்டிவிட்டார். அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமை உண்டா?

உண்டு. ஆஸ்பத்திரிச் செலவு வேறு, இழப்பீடு வேறு. ஒன்றைக் கொடுத்துவிட்டதால் இன்னொன்று கழிந்துவிடாது.

"எல்லாச் செலவையும் பார்த்துக்கொண்டார், இனிமேல் போய்க் கேட்டால் நன்றிகெட்டவன் என்பார்கள்" என்று கேள்வியிலேயே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன். என்னிடமும் இதையேதான் சொன்னார்கள், என் சொந்தப் பெரியப்பா உட்பட.

கோவையில் கணபதி பக்கம் ஒரு பட்டறையில் பவர் பிரஸ்ஸில், அதாவது தகட்டை அடித்து வெட்டுகிற மெஷினில் இருந்தேன். பம்ப்செட் மோட்டாருக்கு ஸ்டாம்பிங் அடிக்கிற வேலை. பெடலை ஒரு தடவை மிதித்தால் ஒரு அடிதான் விழ வேண்டும். எங்கள் பிரஸ்ஸில் கிளட்ச் தேய்ந்துபோய், சில நேரம் மிதிக்காமலேயே இரண்டாவது அடி விழும். "டபுள் அடிக்குது" என்று ஷிஃப்டில் எல்லாருக்கும் தெரியும். சூப்பர்வைசரிடமும் சொல்லியிருந்தோம். இந்த ஆர்டர் முடியட்டும், பார்த்துக்கலாம் என்றார். டையில், அதாவது அச்சில் ஒட்டிக்கொண்ட பீஸை எடுக்கக் கையை விட்டபோது அந்த இரண்டாவது அடி விழுந்தது. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போயின.

ஓனர் தன் காரிலேயே தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், அட்வான்ஸும் கட்டினார். அதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் சேர்க்கும்போது கேஸ் ஷீட்டில் எழுதவைத்தது என்ன தெரியுமா? "பைக் செயினில் கை மாட்டியது." என் மனைவி கல்யாணத்துக்கு முன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தவள். இ.எஸ்.ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கார்டு வைத்திருந்தவள், இந்த விவரமெல்லாம் தெரியும். வந்ததும் முதலில் அந்தத் தாளைத்தான் வாங்கிப் பார்த்தாள். "இவருக்கு பைக்கே கிடையாதுங்க, பஸ்ஸுலதான் வேலைக்குப் போறாரு" என்று நர்ஸிடம் சொல்லி, டியூட்டி டாக்டரை வரவழைத்தாள். நான் மயக்கம் தெளிந்து என் வாயால் சொன்னதை டாக்டர் அதே தாளில் கீழே எழுதி, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்து வைத்தார். பின்னால் எனக்குக் கிடைத்ததெல்லாம் அந்த இரண்டு வரியால் கிடைத்தது என்றே சொல்வேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் இடம் இ.எஸ்.ஐ-க்குள் வருகிறதா என்பது. 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்து, உங்கள் சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் வரும். வேலைக் காயத்துக்கு, இத்தனை மாதம் பணம் கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்கு கிடையாது. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. குணமாகும்வரை தினக்கூலியில் 90 சதவீதம் வரும். அந்தக் காலத்தில் உங்களை வேலையை விட்டு நிறுத்தவும் கூடாது. நிரந்தரமாக ஏதாவது போயிருந்தால் மருத்துவக் குழு சதவீதம் போடும், அதற்கேற்ற தொகை ஆயுள் முழுக்க வரும். திரும்ப வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கினாலும் அது நிற்காது.

எங்கள் பட்டறையில் பத்துப் பேருக்கு மேல் இருந்தோம், ரெஜிஸ்டரில் நான்கு பேர்தான். விபத்துக்கு மறுநாள் அவசர அவசரமாக என் பெயரை ஏற்றி, அன்றுதான் வேலைக்குச் சேர்ந்ததாகக் காட்டினார்கள். நான் ஜிபேயில் வந்த பழைய சம்பளம், வாட்ஸ்அப்பில் வந்த ஷிஃப்ட் மெசேஜ் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துக் இ.எஸ்.ஐ கிளை அலுவலகத்தில் மனுவோடு கொடுத்தேன். ஓனர் பணம் கட்டாதது தொழிலாளியின் குற்றமில்லை. தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டு ஓனரிடம் வசூலிக்க இ.எஸ்.ஐ கழகத்துக்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. இழுத்தடித்தார்கள், ஆனால் ஏற்றுக்கொண்டார்கள். மருத்துவக் குழுவில் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு கையில் இரண்டு விரல் என்று அட்டவணைப்படி 20 சதவீதம் போட்டார்கள். 500 ரூபாய் தினக்கூலி என்றால் அதில் 90 சதவீதம் 450, அதில் 20 சதவீதம் 90. ஒரு நாளைக்கு 90 ரூபாய் என்று அக்கவுண்டில் ஏறுகிறது. பெரிய தொகை இல்லைதான். ஆனால் யார் தயவும் இல்லாமல் வருகிறது.

உங்கள் இடத்தில் ஐந்தாறு பேர்தான் என்றால் 1923-ஆம் வருட இழப்பீட்டுச் சட்டம். ஓனரே கொடுக்க வேண்டும். உங்களுக்கு 30 வயது, சம்பளம் 15,000, என்னைப் போலவே இரண்டு விரல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பளத்தில் 60 சதவீதம் 9,000. அதை, அந்த வயதுக்குச் சட்ட அட்டவணையில் இருக்கும் எண்ணான 207.98 ஆல் பெருக்கி, 20 சதவீதம் எடுத்தால் 3,74,364 ரூபாய். சிகிச்சைச் செலவு இதற்கு மேல் தனி. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி, நியாயமான காரணமில்லாமல் இழுத்தால் அபராதமும் உண்டு. தொழிலாளர் துறையில் இழப்பீட்டு ஆணையராக இருக்கும் அதிகாரியிடம் இரண்டு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். ஒன்று கவனம், இ.எஸ்.ஐ-யில் வருபவர் இதையும் சேர்த்துக் கேட்க முடியாது.

நான் வக்கீல் இல்லை. இந்தச் சட்டங்களின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது, எனக்கு அடிபட்டது அதற்கு முன்னால். அதனால் பிரிவு எண்ணை எடுத்துக்கொண்டு சண்டைக்கு வராதீர்கள்.

"இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் சிறுதொழில் அழிகிறது" என்று யாராவது சொல்வார்கள். 15,000 சம்பளத்துக்கு ஓனர் கட்ட வேண்டிய இ.எஸ்.ஐ பங்கு 3.25 சதவீதம், 487 ரூபாய் 50 காசு. அதைக் கட்டியிருந்தால் விபத்தின் பாரம் அவர் தலையில் விழாது. சின்ன ஓனரைக் காப்பாற்றுவதும் இந்தச் சட்டம்தான். "நீ ஏன் கையை விட்டாய்" என்பவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. கவனக்குறைவு என்று சொல்லி இழப்பீட்டை மறுக்க முடியாது. குடித்திருந்தது, வேண்டுமென்றே பாதுகாப்புச் சாதனத்தைக் கழற்றியது போன்றவைதான் விலக்கு.

ஸ்டாம்ப் பேப்பரில் "இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்" என்று கையெழுத்து வாங்கியிருந்தாலும் பயப்படாதீர்கள். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது.

கேட்டதற்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். ரேஷன் கடையில் ரேகை வைக்கும்போது இன்னும் "ஆள்காட்டி விரலை வைங்க" என்கிறார்கள். கையை நீட்டிக் காட்டினால் வரிசையே திரும்பிப் பார்க்கிறது. மிச்ச விரல்களில் எண்ணெயும் தகடும் பட்டு ரேகையே தேய்ந்துவிட்டது, மெஷின் எடுப்பதில்லை. உழைத்துத் தேய்ந்த கைக்கு அரிசி வாங்க இத்தனை விளக்கம் ஏன் சொல்ல வேண்டும்? ஆலைத் தொழிலாளி நிறைந்த ஊரில் இதை யாரும் யோசிக்கவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

நீங்கள் முதல் வேலையாக ஆஸ்பத்திரிக்குப் போய் கேஸ் ஷீட், டிஸ்சார்ஜ் சம்மரி இரண்டுக்கும் நகல் வாங்குங்கள். எப்படி அடிபட்டது என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். தப்பாக எழுதியிருந்தால், அன்று உங்கள் பக்கத்தில் நின்றவர்களில் யார் சாட்சி சொல்வார்கள் என்று இப்போதே பேசி நம்பரை வாங்கி வையுங்கள். பட்டறை ஆட்கள் அடிக்கடி இடம் மாறுவார்கள், அப்புறம் தேடிப் பிடிக்க முடியாது.