அழைப்பு வந்த பிறகு பையைக் கட்டுங்கள்

நேபாள நிலநடுக்க முகாம்களுக்கு உதவிக்குப் போக விரும்பி இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு ஒரே பதில்தான்: அங்கிருந்து கூப்பிடாமல் கிளம்பாதீர்கள். மீதியைப் பார்ப்போம்.

இறுதி ஆண்டு எம்.பி.பி.எஸ். படிக்கிறேன். நிலநடுக்க முகாமில் தையல் போட்டுப் பழக வாய்ப்பு கிடைக்குமா?

கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. வீடு இடிந்து வந்து நிற்பவரிடமா பழகுவது? இங்கே உங்களுக்கு அனுமதி இல்லாத எதையும் அங்கேயும் செய்யாதீர்கள்.

நேபாளத்துக்கு நமக்கு விசா வேண்டாமே, டாக்டர் என்றால் நேராகப் போய்விடலாமா?

எல்லையைத் தாண்டலாம், வைத்தியம் பார்க்க முடியாது. அதற்கு நேபாள மருத்துவக் கவுன்சிலின் தற்காலிகப் பதிவு வேண்டும். 2010 நிலநடுக்கத்தின்போது ஹெய்ட்டியில் எங்கிருந்தெல்லாமோ டாக்டர்கள் வந்து இறங்கினார்கள், காயம்பட்டவர்களின் கை கால்களை அறுத்து எடுத்தார்கள், ஊர் திரும்பினார்கள்; என்ன செய்தோம் என்ற குறிப்புகூட இல்லாமல் எத்தனையோ நோயாளிகள் நின்றார்கள். உலக சுகாதார நிறுவனம் 2013-ல் வெளிநாட்டு மருத்துவக் குழுக்களுக்கு அளவுகோல் வகுத்ததே அதற்குப் பிறகுதான். கூப்பிடாமல் போகாதீர்கள்.

எங்கள் குடியிருப்பில் வீடுவீடாகப் போய் 3 பெட்டி மாத்திரை சேர்த்துவிட்டோம். எப்படி அனுப்புவது?

அனுப்பாதீர்கள். இதை எத்தனை முறை எழுதுவது! 2015 மே மாதம், நேபாள நிலநடுக்கத்துக்குப் பிறகு, அங்கே சிந்துபால்சோக் மாவட்டத்தில் கூடாரத்துக்கு வெளியே தரையில் உட்கார்ந்து நானும் உள்ளூர் நர்ஸ் ஒருவரும் இப்படி ஒரு பெட்டியைப் பிரித்தோம். இருமல் சிரப் ஒழுகி மாத்திரை அட்டைகளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. தேவைக்கு வெட்டி எடுத்த அட்டைகளில் காலாவதி தேதி இருந்த ஓரமே இல்லை. அடியில், பாதி தீர்ந்த கண் சொட்டு மருந்து. காலை நேரம் முழுக்க அதிலேயே போனது, கட்டு மாற்ற 30 பேர் வெயிலில் காத்திருந்தார்கள், நாங்கள் தேடிய பிரஷர் மாத்திரை அதில் ஒன்றுகூட இல்லை.

2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்துக்கு ஏறக்குறைய 4,000 டன் மருந்து வந்தது. பாதிக்கு மேல் அந்த நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே கிடையாது. புரியாத மொழியில் லேபிள் வேறு. அழிப்பதற்கும் அவர்கள்தான் செலவு செய்ய வேண்டும். நன்கொடை மருந்து போய்ச் சேரும்போது குறைந்தது ஒரு வருடம் காலாவதி மீதி இருக்க வேண்டும் என்பது விதி. பணமாகக் கொடுங்கள், காத்மாண்டுவிலேயே வாங்கிக்கொள்வார்கள்.

ஸ்டாஃப் நர்ஸ் நான். கூப்பிட்டிருக்கிறார்கள். என்ன எடுத்துப் போக வேண்டும்?

முதலில் டெட்டனஸ், ஹெபடைட்டிஸ் பி, டைஃபாய்டு ஊசி. அப்புறம் தலையில் மாட்டும் டார்ச், தண்ணீர் ஃபில்டர், இரண்டு வாரத்துக்கு உங்கள் சாப்பாடு, ஏனென்றால் அவர்களுடைய அரிசியில் நீங்கள் பங்கு கேட்கக் கூடாது. "கஹாம் துக்ச்ச", எங்கே வலிக்கிறது, இதை மனப்பாடம் செய்யுங்கள். அங்குள்ள தமாங் இனப் பாட்டிமார் சிலருக்கு நேபாளியும் வராது, அவர்கள் கையைப் பாருங்கள், வலிக்கிற இடத்துக்குத் தானாகப் போகும்.

மருத்துவம் தெரியாது, ஜெனரேட்டர் மெக்கானிக். எனக்கு வேலை இருக்குமா?

கட்டாயம். மின்சாரம் நின்று குளிர்ப்பெட்டியில் உள்ள தடுப்பூசி கெடாமல் இருப்பதே உங்கள் கையில்தான். ஆனால் குழுவோடு போங்கள்.

பிணங்களால்தானே காலரா பரவுகிறது?

நிலநடுக்கத்தில் இறந்தவர்களின் உடல்களால் இல்லை. ஹெய்ட்டிக்குக் காலராவைக் கொண்டுவந்தது வெளியிலிருந்து உதவிக்கு வந்தவர்கள். ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்து, அடுத்த சில வருடங்களில் 10,000 பேர் அளவில் இறந்தார்கள். கிளம்பும் வாரத்தில் வயிற்றுப்போக்கு இருந்தால் விமானம் ஏறாதீர்கள்.